லிட்டருக்கு பதிமூணரை: தாம்பரம் டூ கொடைக்கானல் டைரி

முதல் நாள், திருச்சி, ராத்திரி 10 மணி

காலைல 4:50க்கு தாம்பரத்துல பங்க்ல வண்டிய நிறுத்தி டேங்க் ஃபுல் போட்டாச்சு. நாசில் டக்குனு தானா கட் ஆனதும் போதும்னு சொல்லிட்டேன், ரவுண்டா ஆக்குறேன் சார்னு அந்தப் பையன் இன்னும் ரெண்டு தடவை அமுக்கப் பார்த்தான், வேணாம்பானு கையப் புடிக்காத குறை. இந்த ட்ரிப்ல நான் வண்டியோட மைலேஜ அளக்கப் போறேன். ஃபுல் டு ஃபுல், அதாவது ஃபுல் போட்டு ஓட்டிட்டு, மறுபடி ஃபுல் ஆக எத்தனை லிட்டர் புடிக்குதோ அதால ஓடின கிலோமீட்டர வகுக்கிறது. முடிஞ்ச வரைக்கும் ஒரே கட் ஆஃப், ட்ரிப் மீட்டர் ஜீரோ. வீட்டம்மா போன்ல நோட்ஸ் திறந்து ஓடோமீட்டர எழுதிக்கிட்டே கேட்டா, "ஏங்க, நாம கொடைக்கானல் போறோமா இல்ல பரீட்சை எழுதப் போறோமா?"

வண்டி ரெனோ டஸ்டர் ஏடபிள்யூடி (நாலு வீலுக்கும் பவர் போறது), 1.5 டீசல், 6 கியர் மேனுவல். 2014ல இந்தியாவுக்கு வந்த மாடல், செகண்ட் ஹேண்ட்ல எடுத்து மூணு வருஷம் ஆச்சு. ஓட்ட அவ்ளோ பிடிக்கும், ஆனா மைலேஜ் மட்டும் எவன்கிட்டயும் சொல்ல முடியல. கம்பெனி டெஸ்ட் கணக்குல 19க்கு மேலன்னு போட்டிருந்தான், சரி நிஜ ரோட்டுல ஒரு 16, 17 வந்தா போதும்னு நினைச்சு எடுத்தேன், எனக்கு ஹைவேலயே 13 சொச்சம் தான். கேக்குறவங்க எல்லாம் ஒரே பதில், "நாலு வீலும் இழுக்குதுல்ல, குடிக்கத்தான் செய்யும்." நானும் அதையே நம்பிட்டேன். கியர் லிவர் பக்கத்துல ஒரு நாப் இருக்கும், 2டபிள்யூடி (முன் வீல் மட்டும் இழுக்கும்), ஆட்டோ (தேவைப்பட்டா பின் வீலும்), லாக் (நாலும் சேர்ந்து)னு மூணு. நான் எப்பவும் ஆட்டோல தான் வச்சிருப்பேன், அதான் குற்றவாளின்னு ரொம்ப நாளா சந்தேகம்.

இன்னிக்கு எதையும் மாத்தல. மேல ரூஃப் கேரியர், அதுல தார்ப்பாய் போட்டுக் கட்டின ரெண்டு பெட்டி (இந்த ஏடபிள்யூடில பின்னாடி சஸ்பென்ஷன் வேற மாதிரிங்கிறதால டிக்கி சாதா டஸ்டர விட சின்னது, அதனாலதான் கேரியரே மாட்டினது), ஏசி, நாப் ஆட்டோ, ஸ்பீடு 100லருந்து 110. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம்னு டோல் டோலா அழுதுட்டு சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற பங்க்ல ஃபுல் போட்டேன். 306 கிலோமீட்டர், 22.4 லிட்டர். 13.66. டேஷ்போர்டுல காட்டினது 14.8! அது எப்பவுமே நம்ம மனசு நோகக்கூடாதுன்னு ஒரு கிலோமீட்டர் சேர்த்துதான் சொல்லும், அதனாலதான் இந்த ஃபுல் டு ஃபுல் தலைவலி எல்லாம்.

சித்தப்பா அரசு பஸ்ல டிரைவரா இருந்து ரிடையர் ஆனவர். நாளைக்கு எங்க கூட அவரும் வர்றார். சாப்பிடும்போது 13.66ன்னு சொன்னேன். ரசத்த கைல வாங்கிக் குடிச்சிட்டு, "உன்ன மாதிரி ஓட்டினா எங்க டிப்போல தினம் பிராஞ்ச் மேனேஜர் ரூம் முன்னாடி நிக்கணும்டா"ன்னார், அவ்ளோதான்.

ரெண்டாம் நாள், திண்டுக்கல்

இன்னிக்கே கொடைக்கானல் போயிருக்கணும். போகல. நடந்தது பெரிய கதை, பொறுமையா படிங்க.

காலைல 6 மணிக்கு எழுந்து வந்தா சித்தப்பா லுங்கியோட வண்டியச் சுத்தி நடந்துட்டு இருக்கார். முதல் கேள்வி, "மேல என்னடா கட்டில் மாதிரி?" கேரியர் சித்தப்பா. "அத இங்க கழட்டி வச்சிட்டு பெட்டிய உள்ள வை." இடம் பத்தாதுன்னேன். "நான் ஒரு மஞ்சப்பையோட வர்றேன், நீங்க ரெண்டு பேர் மூணு நாளைக்கு எத்தன பெட்டிடா?" வீட்டம்மா என்னப் பார்த்தா, நான் வேற எங்கயோ பார்த்தேன். ஒரு பெட்டிய சித்தி வீட்டுலயே விட்டுட்டு, மிச்சத்த டிக்கில அடைச்சோம். உண்மையிலயே இந்த கேரியர் மேட்டர்ல அவர் சொல்றது சரிதான். காத்து தர்ற தடை ஸ்பீடோட ஸ்கொயர்ல ஏறும், 90லருந்து 110க்குப் போனாலே அந்தத் தடை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆயிடும். அதுக்கு மேல கம்பியும் தார்ப்பாயும் படபடன்னு அடிச்சிட்டு வந்தா டீசல் எங்க நிக்கும்.

அடுத்து டயர். ராத்திரி முழுக்க நின்ன வண்டி, டயர் கூலா இருக்கு, அப்பதான் காத்து சரியா தெரியும். ஓட்டிட்டுப் போய் சூட்டோட செக் பண்ணா அதிகமா காட்டி ஏமாத்தும். என்கிட்ட ஒரு குட்டி கேஜ் இருந்துச்சு, வச்சுப் பார்த்தா 27, 28, 26, 28. டிரைவர் சைடு கதவத் திறந்தா ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல போட்டிருக்கிறத விட நாலுமே கம்மி, நானும் ஏதோ சொகுசா போகுதுன்னு சந்தோஷமா ஓட்டிட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் சித்தப்பா பாக்கெட்லருந்து ஒரு பழைய ஸ்கேல எடுத்து டயரோட பட்டன் பள்ளத்துல குத்திக் குத்தி ஆழம் பார்த்தார். பின்னாடி ரெண்டும் புதுசு, 8 மில்லிமீட்டர். முன்னாடி ரெண்டும் பழசு, 3 தான். போன தடவை ஒரு கடைல "ரெண்டு போட்டா போதும் சார்"னாங்க, போட்டேன். சாதா வண்டின்னா ஒண்ணும் இல்ல. இந்த வண்டில கதை வேற. 215/65 ஆர்16 டயரு, புதுசுல குறுக்களவு சுமாரா 686 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் தேஞ்சா 676 ஆயிடும். கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு கிலோமீட்டருக்கு புது டயர் 464 சுத்து, பழைய டயர் 471 சுத்து. முன் வீல் ஏழு சுத்து அதிகமா சுத்துது. ஆட்டோ மோட்ல கம்ப்யூட்டர் பார்த்துட்டே இருக்கிறது இதத்தான், முன் வீல் பின் வீல விட வேகமா சுத்தினா வழுக்குது போலன்னு நினைச்சு பின்னாடிக்கு பவர் அனுப்பும். காய்ஞ்ச தார் ரோட்டுல நேரா போற வண்டிக்கு எதுக்கு அது? அதனாலதான் ஏடபிள்யூடி வண்டிக்கு நாலு டயரும் சேர்த்து மாத்தணும்ங்கிறாங்க.

அப்ப நான் சொன்னது சரிதானே சித்தப்பா, ஏடபிள்யூடி தான் குடிக்குதுன்னேன். "அவசரப்படாத, வண்டிய எடு"ன்னார்.

ஸ்டிக்கர் அளவுக்கு காத்து ஏத்திட்டு கிளம்பினோம். 80, 85க்கு மேல போகக் கூடாதுன்னு ஆர்டர். முன்னாடி சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு என் கால மட்டும் பார்த்துட்டு வந்தார். அவங்க டிப்போல கேஎம்பிஎல்னு சொல்வாங்களாம், ஒவ்வொரு டிரைவருக்கும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு எழுதிப் போடுவாங்க, அத்தனை சனத்த ஏத்திட்டு ஸ்டாப் ஸ்டாப்பா நிறுத்தி 5க்கு மேல வாங்குறதே பெரும்பாடு, குறைஞ்சா கூப்பிட்டு நிக்க வச்சு கேப்பாங்க. "முன்னாடி லாரி பிரேக் லைட் எரியுதுல்ல, இப்ப எதுக்கு மிதிக்கிற? கால எடு. அது போற வேகத்துலயே போகட்டும்." இதையே ஒரு இருபது தடவை சொல்லியிருப்பார். டோல் கேட் தூரத்துல தெரியும்போதே கால எடுக்கணும். கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டர விட்டா இஞ்சினுக்கு டீசலே போகாது, வண்டி ஓடுற ஓட்டத்துல இஞ்சின் சுத்தும். நான் இத்தன நாளா கடைசி வரைக்கும் மிதிச்சிட்டுப் போய் பிரேக் அடிச்சிட்டு இருந்தேன்.

இப்ப மணப்பாறை. முறுக்கு வாங்க நிறுத்தினோம். நான் கடைப்பக்கம் போறேன், சித்தப்பா வண்டியச் சுத்தி ஒவ்வொரு வீல்கிட்டயும் குனிஞ்சு பின்னங்கைய காட்டிட்டு வர்றார், அடுப்புல தோசைக்கல்லு காய்ஞ்சிருச்சான்னு பாப்பாங்களே அந்த மாதிரி. வலது முன் வீல், சரி. பின்னாடி ரெண்டு, சரி. இடது முன் வீல்கிட்ட வந்ததும் கைய வெடுக்குன்னு எடுத்தார். "டேய், இங்க வாடா." நானும் கைய வச்சேன். வலது பக்கம் வெதுவெதுப்பு, இடது பக்கம் அனல். ஒரு மாதிரி காரமா கருகுன வாடை வேற. "பிரேக் பைண்டிங்கு. நீ கால எடுத்தாலும் அது விடல. மூணு வருஷமா பிரேக்க மிதிச்சிக்கிட்டே ஓட்டியிருக்கடா."

மூணு வருஷமான்னு தெரியாது, ஆனா கடைசியா பிரேக்க எப்ப கழட்டி க்ளீன் பண்ணேன்னு யோசிச்சா ஞாபகமே வரல. ஆயில் மாத்துவேன், ஃபில்டர் மாத்துவேன், இத எவனும் கேக்கவும் இல்ல நானும் சொல்லவும் இல்ல. தப்பு என்னோடதுதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சின்ன ஒர்க் ஷாப். அந்தத் தம்பி ஜாக்கி போட்டுத் தூக்கி வீலக் கையால சுத்தி விட்டான். வலது பக்கம் நாலஞ்சு சுத்து சுத்துச்சு. இடது பக்கம் அரை சுத்து கூட வரல, ஸ்ஸ்ஸ்னு ஒரு உரசல், நின்னுடுச்சு. வீலக் கழட்டி கேலிப்பர, அதான் பிரேக் பேட டிஸ்க்குல அமுக்குற கவ்விய, பிரிச்சான். கேலிப்பர் முன்னும் பின்னும் நகர்றதுக்கு ரெண்டு ஸ்லைடர் பின் இருக்கும், அதுக்கு மேல ஒரு ரப்பர் உறை. கீழ் பின்னோட ரப்பர் கிழிஞ்சு உள்ள சேறு போய் கிரீஸ் காய்ஞ்சு கட்டியாகி, பின்ன இடுக்கில புடிச்சு முறுக்கினாதான் வெளிய வந்துச்சு, துரு ஏறி ப்ரவுன் கலர்ல. அது நகராததால வெளிப்பக்க பேடு டிஸ்க்க விடாம தேய்ச்சிக்கிட்டே இருந்திருக்கு, அந்த ஒரு பேடு மட்டும் பிஸ்கட் மாதிரி ஆயிடுச்சு, உள்பக்கத்து பேடு நல்லா தடியா இருக்கு. பேடு செட் இங்க கிடைக்காது அண்ணே, திண்டுக்கல்லருந்துதான் வரணும்னான், வந்து சேர மூணு மணி நேரம். உட்கார்ந்து மூணு பாக்கெட் முறுக்க காலி பண்ணினோம். பின்ன எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு, புது ரப்பர், பிரேக்குக்குன்னே இருக்கிற கிரீஸ், புது பேடு. அப்புறம் சுத்தி விட்டான் பாருங்க, சுத்துச்சு.

திண்டுக்கல்ல ஃபுல் போட்டேன். 101 கிலோமீட்டர், 6.3 லிட்டர். 16.03! நான் பங்க்லயே துள்ளிக் குதிச்சேன். சித்தப்பா கண்டுக்கவே இல்ல. "நூறு கிலோமீட்டருக்கு போட்டுப் பாக்குறதெல்லாம் ஒரு கணக்கா? நுரையில அரை லிட்டர் முன்ன பின்ன போகும்." அரை லிட்டர் கூடப் போயிருந்தா 14.85 தான். சரி, வாய மூடிக்கிட்டேன். பிரியாணி சாப்பிட்டு லாட்ஜ்ல ரூம் போட்டாச்சு.

மூணாம் நாள், கொடைக்கானல்

மழை, பனி, குளிர். விரல் விறைச்சுப் போய் டைப் பண்றேன்.

செம்பட்டி வழியா வத்தலக்குண்டு வந்து டிபன். அங்க டேஷ்போர்டு ஆவரேஜ ஜீரோ பண்ணேன். காட்ரோடு தாண்டினதும் மலை. ஈகோ பட்டன ஆஃப் பண்ணச் சொன்னார். அது ஆக்சிலேட்டர மந்தமாக்கும், சமவெளில நல்லது, மேட்டுல நாம கூட ஒரு மிதி மிதிப்போம், அதுக்கு அது இல்லாமலே போகலாம். சிக்கனம்னு சொல்லி நான் நாலாவது கியர்லயே இழுத்துப் புடிச்சு ஏறப் பார்த்தேன், இஞ்சின் கடகடன்னு முக்குச்சு, "அது அழுவுது காதுல விழலையா, மூணு போடு"ன்னு ஒரு அதட்டல். மூணுல போனா சத்தம் கூட, ஆனா வண்டி சும்மா ஜிவ்வுனு ஏறுது.

டம்டம் பாறைல நின்னு எலிவால் அருவியப் பார்த்தோம், பனி விலகி ஒரு நிமிஷம் தெரிஞ்சு மறுபடி மூடிக்கிச்சு. பின்னங்கை டெஸ்ட் நாலு வீல்லயும் பாஸ். ஊத்து, பெருமாள்மலை, அப்புறம் இ-பாஸ் செக்கிங், 2024 மே மாசத்துலருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இது வேணும்ல, போன்ல காட்டிட்டு, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னு டிக்கியக் குடைஞ்சிட்டு விட்டாங்க.

மேல வந்து பார்த்தா ஆவரேஜ் 9.1. வீட்டம்மாவுக்கு ஷாக், மறுபடி ஏதாவது ரிப்பேரான்னு. இல்ல, இது மலையோட கணக்கு. வண்டி, மூணு பேர், சாமான் எல்லாம் சேர்த்து 1700 கிலோன்னு வச்சுக்கோங்க, அத 1800 மீட்டர் உயரத்துக்குத் தூக்கணும்னா 30 மெகா ஜூல் வேணும். ஒரு லிட்டர் டீசல்ல சுமாரா 36 மெகா ஜூல் இருக்கு. அப்ப முக்கால் லிட்டர் சொச்சம் போதும்ல? போதாது, இஞ்சின் டீசல்ல மூணுல ஒரு பங்கதான் வீலுக்குக் கொடுக்கும், மிச்சம் ரேடியேட்டர்லயும் சைலென்சர்லயும் சூடா போயிடும். ஆக, வண்டியத் தூக்குறதுக்கு மட்டுமே ரெண்டரை லிட்டர். எப்பேர்ப்பட்ட டிரைவரா இருந்தாலும் இத மிச்சம் பிடிக்க முடியாது. ஒரே வழி இறங்கும்போது திருப்பி வாங்குறதுதான்.

நாலாம் நாள்

பூம்பாறை, மன்னவனூர். ஆட்டுப் பண்ணை, ஏரி, சூடா சோளம். எழுத நிறைய இருக்கு, ஆனா இந்த டைரி டீசலப் பத்திங்கிறதால ரெண்டே விஷயம்.

ஒண்ணு, தங்கின வீட்டுக்குப் போற மண்பாதை ராத்திரி மழைல களி மாதிரி ஆயிடுச்சு. எங்களுக்கு முன்னாடி ஒரு பெரிய எஸ்யூவி, பேருக்குத்தான் எஸ்யூவி, முன் வீல் மட்டும் இழுக்கிறது, அங்கயே நின்னு சேற வாரி இறைச்சிட்டு இருந்துச்சு. நான் நாப லாக்ல போட்டு முதல் கியர்ல விட்டேன், இந்த வண்டியோட முதல் கியர் ரொம்ப குட்டை, நத்தை மாதிரி ஏறி மேல போயிடுச்சு. சித்தப்பா முதல் தடவையா வண்டியப் பாராட்டினார், "பரவால்லடா." தார் ரோட்டுக்கு வந்ததும் லாக்க எடுக்க மறந்துட்டு ஒரு குறுகலான திருப்பத்துல ஒடிச்சேன், யாரோ பின்னாடி கயிறு கட்டி இழுக்கிற மாதிரி வண்டி முரண்டு புடிச்சுது. அந்த மோட் சேறுக்கு மட்டும்தான்.

ரெண்டு, டிராஃபிக். ஏரிப் பக்கம் முக்கால் மணி நேரம் அசையல. எல்லா வண்டியும் இஞ்சின் ஓடிக்கிட்டே நிக்குது, இந்தக் குளிருக்கு ஏசி போட்டு கண்ணாடி ஏத்திட்டு. ஆஃப் பண்ணிட்டு உட்கார்ந்தோம்.

அஞ்சாம் நாள், மறுபடி திருச்சி

இறங்கினோம். கிளம்பும்போது ஆவரேஜ ஜீரோ பண்ணிட்டு ரெண்டு, மூணு கியர்ல, ஆக்சிலேட்டர தொடவே இல்ல. டீசல் கட் ஆகி வண்டி அதுவா இறங்குது, இஞ்சினே பிரேக் புடிக்குது. எங்களுக்கு முன்னாடி ஒரு வேன் நியூட்ரல்ல விட்டு பிரேக்லயே இறங்கிட்டு இருந்தான், பின்னாடி போற எங்களுக்கே கருகுற வாடை. "டீசல் மிச்சம்னு நினைக்கிறான் பாரு. நியூட்ரல்ல விட்டா ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கத்தான் செய்யும், கியர்ல விட்டா அதுவும் கிடையாது. இது தெரியாம எத்தன பேரு போய்ச் சேர்ந்தான்." அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் அவர் பேசல, நானும் கேக்கல.

வத்தலக்குண்டுல ஆவரேஜ் 42! ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன். ஆனா திண்டுக்கல்ல அதே பங்க், அதே பம்ப்புல போட்டதுதான் உண்மை. ஏறுனது, சுத்துனது, இறங்குனது எல்லாம் சேர்த்து 276 கிலோமீட்டர், 19.5 லிட்டர், 14.15. மலைக்குப் போய்ட்டு வந்தது, முதல் நாள் ஹைவேல வாங்கினத விட அதிகம்.

சித்தி வீட்டுல கேரியர மாட்ட எடுத்தா, அதுல வடகம் காயுது. வெள்ளத் துணி விரிச்சு, வரிசையா. "இருந்துட்டுப் போகட்டுமே, உனக்கு எதுக்கு?"ன்னாங்க சித்தி.

ஆறாம் நாள், தாம்பரம்

நாபோட விசாரணை இன்னிக்குத்தான். கிளம்பும்போது சித்தப்பா சொன்னது, "ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்து, எல்லாத்தையும் மாத்திட்டு எதால வந்துச்சுன்னு கேக்காத." அதனால ஸ்பீடு 80, 85, ஏசி அதே அளவு, கேரியர் இல்ல, காத்து சரி. திருச்சிலருந்து விழுப்புரம் வரைக்கும் 2டபிள்யூடி, அங்கருந்து தாம்பரம் வரைக்கும் ஆட்டோ.

டேஷ்போர்டு முதல் பாதிக்கு 18.7, ரெண்டாவது பாதிக்கு 18.1. செங்கல்பட்டுக்கு அப்புறம் டிராஃபிக்ல ஊர்ந்தத கழிச்சா வித்தியாசம் விரல் நுனி அளவுதான் நிக்கும். யோசிச்சா அதுவும் நியாயம். 2டபிள்யூடில போட்டா பின் வீலுக்கு முன்னாடி இருக்கிற கப்ளிங்ங்கிற இணைப்பு மட்டும்தான் பிரியும், அடியில போற நீட்டு ஷாஃப்ட் எப்படியும் சுத்திக்கிட்டேதான் இருக்கும், பின்னாடி இருக்கிற கியர் ஹவுசிங்கோட எக்ஸ்ட்ரா வெயிட்டும் எங்கயும் இறங்கிப் போயிடாது. மூணு வருஷமா நான் பழி போட்ட நாப் இதுல ஒரு சில்லறை ஆளு.

பங்க்ல அதே பையன், இந்தத் தடவை கட் ஆனதும் அவனே நிறுத்திட்டான். 306 கிலோமீட்டர், 17.6 லிட்டர். 17.39.

சித்தப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "என்கிட்ட ஒரு மாசம் குடு, 19 காட்டுறேன்"னார். அப்புறம், "முன் டயர் ரெண்டையும் மாத்துடா, மறந்துடாத."

வீட்டம்மா அதுக்குள்ள கணக்கு போட்டுட்டா. மாசம் 1000 கிலோமீட்டர் ஓடுறோம், முன்னாடி 73 லிட்டர், இப்ப 57 சொச்சம், டீசல் 92 ரூபாய்னு வச்சா மாசம் 1400 ரூபாய்க்கு மேல மிச்சம். டயர் கடைல விலை கேட்டேன், ரெண்டு டயருக்கு 15,000 சொல்றான்.

"அப்ப பத்து, பதினோரு மாசம் கழிச்சுதான் நமக்கு லாபமே ஆரம்பிக்குதா?"ங்கிறா. இன்னும் பேடுக்கும் பின்னுக்கும் கொடுத்த காச அவகிட்ட சொல்லல.